தூண்டிற் போட்டி வளர்ந்த வரலாறு

வரலாறு என்றவுடன் மாணவர்களின் நினைவிற்கு முதலில் வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமேயாகும். ஒரு நாட்டு மக்கள் தம் ஓய்வு நாளை எவ்வாறு கழித்தனர், எந்த விளையாட்டை விரும்பினர், அதற்கு எத்தகைய விதிகளை வகுத்துக் கொண்டனர் என்பனவும் வரலாற்றின் பகுதிகளே. பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் நான் மாணவர்களிடம் அடிக்கடி ஒன்று கூறுவதுண்டு. ஒரு விளையாட்டைப் பற்றி அறிய வேண்டுமாயின், யார் வென்றார் என்று கேட்பதற்கு முன்னர், அதன் விதிகளை யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்று கேளுங்கள். அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையில் அம்மக்களின் உள்ளம் தெரியும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் ஒரு விளையாட்டு. வசந்த காலத்தின் இறுதியில், மே மாதத்திலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும், அந்நாட்டின் ஏரிக்கரைகளிலே பொழுது புலருமுன்பே படகுகள் வந்து கூடுகின்றன. சிற்றூர்களில் உள்ள மீன்பிடிச் சங்கங்கள், ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் போட்டிகளை நடத்துகின்றன. பிற்பகலில் மீன்களை நிறுத்துப் பார்த்துப் பரிசு வழங்குகின்றனர். அதன் பின்னர் அம்மீன்களை உயிருடன் மீண்டும் ஏரியிலேயே விட்டுவிடுகின்றனர். பிடிப்பதற்கென்று கூடியவர்கள் விடுவதற்கு எப்பொழுது கற்றனர்? யார் கற்பித்தார்? கற்ற பாடம் முற்றுப் பெற்றதா? இவற்றையே நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் மீனைப் பற்றிச் சில சொற்கள். நம் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் கிடைக்கும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் ‘கடல் பாஸ்’ என்பர். அது வேறு, இது வேறு. அமெரிக்க பாஸ், வட அமெரிக்காவின் ஆறுகளையும் ஏரிகளையும் தாயகமாகக் கொண்டது. இவற்றுள் பெரிய வாய் பாஸ், சிறிய வாய் பாஸ் என இரண்டு வகைகள் புகழ் பெற்றவை. 1802ஆம் ஆண்டில் லாசெபேட் என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் இவற்றிற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அவர் கையில் கிடைத்த சிறிய வாய் மீன் ஒன்றின் முதுகுத் துடுப்பு பின்புறம் சிதைந்திருந்தது. சிதைந்த அத்துண்டைத் தனியானதொரு சிறு துடுப்பு என்று கருதிய அவர், ‘சிறு துடுப்புடையது’ என்று பொருள்படும் ‘மைக்ரோப்டெரஸ்’ என்னும் கிரேக்கப் பெயரை அவ்வினத்திற்கு இட்டார். காயம்பட்ட ஒரு மீனால் வந்த பெயர் இன்றளவும் இனம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது.

இம்மீன் இரையைத் துரத்திச் சென்று பாய்ந்து விழுங்கும் இயல்புடையது. தூண்டில் முள்ளில் சிக்கினால் நீரை விட்டு மேலே துள்ளி, தலையை உதறி, முள்ளைக் கழற்றப் பெரிதும் போராடும். அப்போராட்டமே தூண்டிற்காரர்களை ஈர்த்தது. ஆயினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது அதன் மற்றோர் இயல்பு. வசந்த காலத்தில் நீரின் வெப்பம் சுமார் 16 பாகை செல்சியசை அடையும்பொழுது ஆண் மீன் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வருகிறது. வாலினால் மணலையும் பருக்கைக் கற்களையும் விலக்கி, வட்டமான குழி ஒன்று அமைக்கிறது. பெண் மீன் அதில் முட்டையிட்டுச் சென்றுவிடும். முட்டைகளைக் காப்பதும், அவற்றின்மீது நீரோட்டம் படுமாறு துடுப்பினால் விசிறுவதும், பொரித்த குஞ்சுகளைச் சில வாரம் வரை பாதுகாப்பதும் ஆணின் கடமை. நம் ஊர்க் குளங்களில் விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. குஞ்சுகளுக்கு அருகில் எது வந்தாலும் விரால் பாயும். பாஸ் மீனும் அவ்வாறே பாயும். அந்த வீரமே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. பசி இல்லாத வேளையிலும், கூட்டருகே விழுந்த போலி இரையைப் பகையென்று எண்ணிக் கவ்விவிடும். அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் வசந்த காலத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இம்மீன் நாடெங்கும் பரவிய கதை. தொடக்கத்தில் அப்பலேசிய மலைத்தொடருக்குக் கிழக்கே பாயும் பொட்டோமக் ஆற்றில் பாஸ் இல்லை. 1854ஆம் ஆண்டில் வில்லியம் ஷ்ரைவர் என்பவர், ஓகையோ ஆற்றுப் பகுதியில் பிடித்த சிறிய வாய் பாஸ் மீன்களைப் பால்ட்டிமோர் ஓகையோ இருப்புப் பாதையின் நீராவி எஞ்சினோடு இணைந்த தண்ணீர்த் தொட்டியில் இட்டு, மலையைக் கடந்து கொண்டுவந்து, கம்பர்லாந்து நகரருகே நீரில் விட்டார். அம்மீன்கள் பெருகிப் பொட்டோமக் ஆறு முழுவதும் பரவின. எஞ்சினுக்கென வைத்த நீரில் மீன்கள் பயணம் செய்தன! பின்னர் அரசாங்கமே இருப்புப் பாதை வழியாக மீன் குஞ்சுகளைப் பல மாநிலங்களுக்கும் அனுப்பியது.

இருபதாம் நூற்றாண்டில் அணைக்கட்டுகள் எழுந்தன. 1933இல் நிறுவப்பெற்ற டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், கிளிஞ்சு ஆற்றின் குறுக்கே நாரிஸ் அணையை 1936இல் கட்டி முடித்தது. அதனைத் தொடர்ந்து தென் மாநிலங்களில் பல பெரிய நீர்த்தேக்கங்கள் தோன்றின. வெள்ளத் தடுப்பிற்கும் மின்சாரத்திற்கும் கட்டப்பட்ட அவ்வேரிகள், மூழ்கிய மரங்களும் வளைந்து நெளிந்த கரைகளும் உடையனவாதலின், பெரிய வாய் பாஸ் மீனுக்கு மிகவும் ஏற்றனவாயின. இவ்வாறு பொறியாளர் கருதாத ஒரு விளையாட்டுக்களம் உருவாயிற்று.

அக்காலத்தில் பிடித்த மீனை என்ன செய்தனர்? உண்டனர், அல்லது விற்றனர். விற்பனை மிகுந்து மீன்வளம் குறையவே, 1926இல் ‘கருப்பு பாஸ் சட்டம்’ இயற்றப்பட்டது. ஒரு மாநிலச் சட்டத்திற்கு மாறாகப் பிடித்த பாஸ் மீனை மற்றொரு மாநிலத்திற்கு ஏற்றிச் செல்வதை அச்சட்டம் தடுத்தது. ஆனால் தன் குடும்பத்திற்கென ஒருவன் பிடிப்பதைக் குறை கூறியவர் எவரும் இலர்; கூறவும் இயலாது. 1932 ஜூன் 2ஆம் நாள், நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சியால் மக்கள் வாடியிருந்த நேரத்தில், ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் உழவர் மான்ட்கோமரி ஏரி என்னும் நீர்நிலையில் ஒரு பெரிய வாய் பாஸ் மீனைப் பிடித்தார். ஊரில் நிறுத்துப் பார்த்தபொழுது 22 ராத்தல் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் இருந்தது. உலகிலேயே மிகப் பெரிய பாஸ் என்று அது பதிவு பெற்றது. அந்த உலகச் சாதனை மீன் என்னவாயிற்று? பெர்ரியின் வீட்டார் சமைத்து உண்டனர். ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அவருக்குத் துப்பாக்கி முதலிய பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. வறுமையில் வாடிய வீட்டிற்குப் பரிசைவிட உணவே பெரிது. பின்னாளில் தோன்றிய விதிகளைக் கொண்டு அந்த உழவரை அளப்பது வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

உலகப் போர் முடிந்த பின்னர் நிலைமை மாறியது. மக்களின் கையில் பணமும் ஓய்வும் சேர்ந்தன. கருவிகளும் வளர்ந்தன. 1948இல் லூசியானா மாநிலத்தில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் பாஸ் பிடிப்பதற்கென்றே தட்டையான, விரைந்து செல்லும் படகு ஒன்றை அமைத்தார். 1949இல் ஓகையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கினால் செயற்கை மண்புழுவைச் செய்து விற்கத் தொடங்கினார். போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலை நுட்பம், 1957 முதல் மீன் இருக்குமிடத்தைக் காட்டும் சிறு பெட்டியாகத் தூண்டிற்காரர்களின் படகில் ஏறியது. அதனை விற்பனைக்குக் கொணர்ந்தவர் கார்ல் லோரன்ஸ். முன்னர்ப் பொறுமையும் அனுபவமும் தேடித் தந்ததை இப்பொழுது கருவி தேடித் தந்தது. மனிதனின் ஆற்றல் பெருகியது; மீனின் ஆற்றலோ இருந்தபடியே இருந்தது. ஆற்றல் பெருகும்பொழுது விதியும் வளராவிட்டால் விளையாட்டு வேட்டையாகிவிடும்.

போட்டிகள் அங்கங்கே சிறு அளவில் நடந்து வந்தன. டெக்சஸ் மாநிலத்தில் 1955 முதலே மாநில அளவிலான போட்டி நடைபெற்றது. ஆயினும் சில போட்டிகள் ஏமாற்றுக்காரர்களால் கெட்ட பெயர் எடுத்திருந்தன. முதல் நாளே பிடித்து மறைத்து வைத்த மீனைப் போட்டி நாளில் நிறுவைக்குக் கொண்டுவருவாரும் உண்டு. இந்நிலையில்தான் ரே ஸ்காட் என்பவர் வருகிறார். அவர் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரைச் சேர்ந்த காப்பீட்டு முகவர். 1967இல், மழையினால் மீன்பிடிக்க இயலாமல் விடுதியறையில் தங்கியிருந்தபொழுது, கூடைப்பந்தாட்டத்திற்கும் குழிப்பந்தாட்டத்திற்கும் உள்ளது போன்று பாஸ் மீன்பிடிப்பிற்கும் ஒழுங்கான நாடு தழுவிய போட்டி இருக்கலாகாதா என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் அண்மையில் அணை கட்டப்பட்டிருந்த பீவர் ஏரியில் அப்போட்டி நடந்தது. 13 மாநிலங்களிலிருந்து 106 பேர், ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டனர். டென்னசியைச் சேர்ந்த ஸ்டான் ஸ்லோன் வென்றார்.

ஸ்காட்டின் சிறப்பு போட்டியை நடத்தியதைக் காட்டிலும் விதிகளை வகுத்ததில் இருக்கிறது. ஒரே ஊர் நண்பர்கள் ஒரு படகில் ஏறலாகாது; ஒருவரையொருவர் அறியாத இருவரே ஒரு படகில் அமர்வர். இருவரும் போட்டியாளர், இருவரும் சாட்சிகள். நடுவரை ஒவ்வொரு படகிலும் ஏற்ற முடியாத பரந்த ஏரியில், போட்டியாளனையே மற்றவனுக்கு நடுவனாக்கிய அறிவு பாராட்டத்தக்கது. 1968இல் அவர் பாஸ் தூண்டிற்காரர் கழகத்தை நிறுவினார். ‘பாஸ்மாஸ்டர்’ என்ற இதழையும் தொடங்கினார். ஊர்தோறும் கிளைச் சங்கங்கள் தோன்றின. தச்சர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர், கடைக்காரர் எனப் பலரும் உறுப்பினராயினர். 1971இல் கழகத்தின் முதலாவது பெருஞ்சுற்றுப் போட்டி நெவாடாவின் மீட் ஏரியில் நடந்தது. போட்டியாளர் 24 பேர். எங்குச் செல்கிறோம் என்பதே வானூர்தியில் ஏறிய பின்னர்தான் அவர்களுக்குக் கூறப்பட்டது. ஏரியை முன்னரே ஆராய்ந்து வருவதால் உண்டாகும் ஏற்றத்தாழ்வைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. பாபி மர்ரி வென்று 10,000 டாலர் பெற்றார்.

ஏமாற்றம் ஒருவாறு குறைந்தது. ஆனால் வேறொரு குறை கண்முன் நின்றது. நிறுவை முடிந்ததும் இறந்த மீன்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றை அறநிலையங்களுக்கு அளிப்பது வழக்கமாயினும், ஒரே ஏரியில் ஒரே நாளில் இத்தனை பெரிய மீன்களை அழிப்பது முறையா என்று அவ்வூர் மக்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. பிடித்த மீனை விட்டுவிடும் வழக்கத்தை மலையோடைகளில் டிரௌட் மீன் பிடிப்போர் சிலர் முன்னரே மேற்கொண்டிருந்தனர். லீ வுல்ஃப் என்பவர் 1930களிலேயே அதனை வற்புறுத்தி எழுதினார். டிரௌட் பிடிப்போர் தம் சிறு மீனை மகிழ்ச்சியோடு நீரில் விடுவதைக் கண்ட ஸ்காட், 1972இல் தம் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் கொண்டுவரும் இயக்கத்தைத் தொடங்கினார். உயிருடன் கொண்டுவந்தால் நிறுவையில் சலுகை. இறந்த மீனுக்கு அவுன்ஸ் கணக்கில் தண்டம். படகினுள் காற்றோட்டமுள்ள நீர்த்தொட்டி அமைப்பது கட்டாயமாயிற்று.

இதனால் நேர்ந்த மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். போதனையால் மட்டும் மாறாத பழக்கத்தை நிறுவைத் தட்டு மாற்றிவிட்டது. மீனை உயிருடன் காப்பது போட்டியாளனுக்கே இலாபம் என்றவுடன், படகு செய்வோர் நல்ல தொட்டி அமைத்தனர். தூண்டிற்காரர் மீனை ஈரக்கையால் தொடக் கற்றனர். சங்கங்கள் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தன. சட்டமன்றம் எதுவும் இயற்றாத விதி இது. விளையாடுவோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்டது. ஒரு தலைமுறைக்குள், பாஸ் மீனை விட்டுவிடுவதே அங்குப் பெருவழக்காயிற்று.

அதே காலத்தில் இக்கழகம் மற்றொரு செயலும் செய்தது. மீனைக் காப்பாற்றினால் போதாது, நீரையும் காப்பாற்ற வேண்டும் என்று உணர்ந்து, அலபாமா ஆறுகளில் கழிவுநீரைக் கலந்த இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின்மீது, 1899ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் துணைக்கொண்டு வழக்குத் தொடுத்தது. அச்சட்டப்படி வழக்கிடும் உரிமை அரசாங்கத்திற்கே உண்டு, தனியார்க்கு இல்லை என்று 1971இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் தோல்வியே. ஆயினும் 1972இல் நிறைவேறிய தூய நீர்ச் சட்டத்தில், நீரை மாசுபடுத்துவோர்மீது குடிமக்களே வழக்கிடலாம் என்னும் உரிமை இடம் பெற்றது. அவ்வுரிமைக்காகக் குரல் கொடுத்தவர் பலர். தூண்டிற்காரர்களும் அவர்களுள் ஒரு சாராராக வரலாற்றில் நிற்கின்றனர்.

இனி இன்றைய சங்கப் போட்டி ஒன்று எவ்வாறு நடைபெறுகிறது என்று காண்போம். வசந்த காலக் கடைசியில் ஒரு சனிக்கிழமை என்று கொள்ளுங்கள். விடியலில் படகுகள் சீட்டுக் குலுக்கலில் வந்த வரிசைப்படி புறப்படும். புறப்படுமுன் ஒவ்வொரு படகின் நீர்த்தொட்டியும் சோதிக்கப்படும். அது வெறுமையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் நிறுவைக்குக் கொண்டுவரத்தக்க மீன்கள் பெரும்பாலும் ஐந்துதான். குறித்த நீளத்திற்குக் குறைந்த மீனை உடனே விட வேண்டும். ஐந்து சேர்ந்த பின்னர் ஆறாவதாகப் பெரிய மீன் ஒன்று கிடைத்தால், தொட்டியில் இருப்பவற்றுள் சிறியதை நீரில் விட்டுவிட்டு அதனை வைத்துக்கொள்வர். குறித்த நேரத்திற்குப் பிந்தி வந்தால் நிமிடத்திற்கு இவ்வளவு என எடை கழிக்கப்படும். மீன்களை நீர் நிறைந்த பையில் இட்டு விரைந்து நிறுத்து, உடனே நீரில் விடுவர். பரிசுத் தொகை பெரிதன்று. ஆண்டிறுதியில் சங்கத்தின் சிறந்த தூண்டிற்காரர் என்ற பெயரே பெரிது.

இங்கேதான், முடிவு காணாத ஒரு வினா எழுகிறது. வசந்த காலத்தில் கரையோரக் கூட்டைக் காத்து நிற்கும் ஆண் மீனைப் பிடித்து, தொட்டியில் இட்டு, பல மைல் தொலைவிலுள்ள நிறுவைத் துறைக்குக் கொண்டுவந்து, அங்கே உயிருடன் விட்டால், விதி காக்கப்பட்டுவிட்டது. ஆனால் கூடு? காவலன் அகன்ற சிறிது நேரத்திற்குள் ‘நீலச் செவுள்’ முதலிய சிறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன என்பதை ஆய்வாளர்கள் நேரிற் கண்டு எழுதியுள்ளனர். தந்தை உயிரோடு ஏரியில்தான் இருக்கிறது, மக்கள் இல்லை. இதனால் ஏரியின் மீன்வளம் குறையுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. முட்டையிடும் பருவம் நீண்ட தென்னாட்டுப் பெரிய நீர்த்தேக்கங்களில், தப்பிய சில கூடுகளே ஏரியை நிரப்பப் போதும் என்பர் ஒரு சாரார். வசந்தம் குறுகிய வடபுலத்து ஏரிகளில் ஒவ்வொரு கூடும் அரியது என்பர் மற்றொரு சாரார். அதனாலேயே வடபுலத்தில் பல இடங்களில் முட்டையிடும் பருவத்தில் பாஸ் பிடிப்பதற்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருக்கிறது.

இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. மீனை நிறுவைத் துறைக்குக் கொண்டுவராமல், பிடித்த இடத்திலேயே அளந்தோ நிறுத்தோ அப்பொழுதே விட்டுவிடும் போட்டிகள் இப்பொழுது நடைபெறுகின்றன. சிறு துடுப்புப் படகுக்காரர்களின் போட்டிகளில் மீனை அளவுப் பலகையில் கிடத்திப் புகைப்படம் எடுத்துவிட்டு விடுவிக்கின்றனர். 2019இல் தொடங்கிய ஒரு பெரிய தொழிற்போட்டித் தொடரிலும், படகிலேயே நடுவர் முன்னிலையில் நிறுத்து உடனே விடும் முறை மேற்கொள்ளப்பட்டது. விடுவிக்கப்பட்ட மீனிலும் ஒரு பகுதி, குறிப்பாக நீர் வெப்பமாக இருக்கும் கோடையில், பிற்பாடு இறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியமையே இம்மாற்றத்திற்குத் துணை செய்தது. 1972இல் சிறந்ததாகத் தோன்றிய விதி, புதிய அறிவு வந்தபொழுது திருத்தம் பெறுகிறது.

விதி எவ்வளவு சிறந்ததாயினும் அதனைக் காப்பது மனிதனின் மனச்சான்றே. 2022 செப்டம்பரில் ஈரி ஏரியில் நடந்த ஒரு போட்டியில் (அது பாஸ் அன்று, வால்ஐ என்னும் மீனுக்குரிய போட்டி) வெற்றி பெற இருந்த இருவரின் மீன்கள் தோற்றத்திற்கு மிஞ்சிய எடை காட்டவே, போட்டி நடத்துபவர் அங்கேயே அவற்றைக் கீறிப் பார்த்தார். வயிற்றினுள் ஈயக் குண்டுகள் கிடந்தன! அவ்விருவரும் 2023இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றனர். மீன்பிடி உரிமமும் மூன்றாண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. சிறைத் தண்டனையைவிடச் சக போட்டியாளர்கள் அன்று கரையில் எழுப்பிய சினக்குரலே கொடிய தண்டனையாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

இவ்விடத்தில் ஜப்பான் நாட்டையும் ஒருமுறை நோக்க வேண்டும். ஒரு நற்செயல் எவ்விடத்தும் நற்செயலே என்று மாணவர்கள் அவசரப்பட்டு முடிவு செய்யாதிருக்க அது துணை செய்யும். 1925இல் அக்கபோஷி என்னும் தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து பெரிய வாய் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். நாளடைவில் அவை நாடெங்கும் பரவி, அந்நாட்டுச் சிறு மீன்களை அழிக்கலாயின. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியாகிய பீவா ஏரியில், பிடித்த பாஸ் மீனை மீண்டும் நீரில் விடுவது 2003 முதல் அம்மாவட்ட ஆட்சியின் விதியால் தடுக்கப்பட்டது. 2005இல் நாடு தழுவிய சட்டமும் அம்மீனைத் தீங்கு செய்யும் அயல் உயிரினமாக வகைப்படுத்தியது. அமெரிக்க ஏரிக்கரையில் எது பண்போ, அதுவே பீவா ஏரிக்கரையில் விதிமீறல். மீன் ஒன்றே, நீர் வேறு. தன் இயற்கை நீர்நிலையில் காக்கத்தக்க உயிர், பிறிதோர் இடத்தில் பிற உயிர்களுக்குப் பகையாகலாம்.

அந்தப் பீவா ஏரியில்தான், 2009 ஜூலை 2ஆம் நாள், மனாபு குரிட்டா என்பவர் 10.12 கிலோகிராம் எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட அது சற்றே கூடுதலாக இருந்தது. ஆயினும் பழைய சாதனையை முறியடிக்க அத்தகைய மீன் குறைந்தது இரண்டு அவுன்ஸ் மிகுந்திருக்க வேண்டும் என்பது உலகத் தூண்டில் மீன்பிடிக் கழகத்தின் விதி. ஆதலின் இருவரும் சமம் என்று அறிவிக்கப்பட்டது. 77 ஆண்டுகளுக்கு முன் குடும்பத்திற்கு உணவான மீனும், அயல் நாட்டில் விலக்கப்பட்ட இனமாக நின்ற மீனும் இன்று ஒரே வரியில் பதிவாகியிருக்கின்றன.

இளைஞர்களுக்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு. இல்லினாய் மாநிலத்தில் 2009 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, ஓட்டப்பந்தயம், பந்தாட்டம் ஆகியவற்றைப் போன்றே, பாஸ் மீன்பிடிப்பும் மாநிலப் போட்டியாக நடைபெற்று வருகிறது. ஓடவும் தாண்டவும் இயலாத மாணவனும் பள்ளியின் பெயரைத் தாங்கிப் போட்டியிட அது வாய்ப்பளிக்கிறது. நீரின் வெப்பம், காற்றின் திசை, மீனின் பருவம் ஆகியவற்றை அறியாமல் அங்கு வெல்ல இயலாது. ஆகவே அதில் பாடமும் கலந்திருக்கிறது.

ரே ஸ்காட் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். அவர் தொடங்கியது வாணிகமும் கலந்த முயற்சியே. அவரை முனிவராக்க வேண்டியதில்லை. ஆயினும், மீன் குவியலைக் கண்டு ஊரார் கேட்ட வினாவிற்குச் சினம் கொள்ளாமல் செவிசாய்த்து விதியை மாற்றினார். பழையோர் செய்த விதி அன்று அவர்கள் அறிந்ததற்கு ஏற்றது. இன்று நாம் மிகுதியாக அறிந்திருந்தால் நாம் செய்யும் விதி அதனினும் சிறந்ததாக இருத்தல் வேண்டும். கூட்டைக் காக்கும் மீனை வசந்த காலத்தில் என்ன செய்வது என்னும் வினா அச்சங்கங்களின் முன் இன்னும் நிற்கிறது. அதற்கு விடை காணப் போகிறவர்கள் இன்று பள்ளிச் சங்கங்களில் தூண்டில் பிடித்திருக்கும் மாணவர்களே. நீங்களும் எந்த விளையாட்டில் ஈடுபட்டாலும், உங்கள் வெற்றிக்கு விலை கொடுப்பது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்தவர்களின் கையில்தான் விளையாட்டும் வளர்கிறது, நாடும் வளர்கிறது.